இலைத் தேயிலையில் சாறு இறக்கும் பக்குவம்

திருநெல்வேலிப் பக்கம் டீ என்றால் தூள் டீதான். பாய்லரில் வெந்நீர் கொதித்துக்கொண்டே இருக்கும், துணி வடிகட்டியில் தூள் வெந்துகொண்டே இருக்கும், கெட்டி டிக்காஷனைப் பாலில் விட்டு ஓர் ஆற்று ஆற்றித் தருவார்கள். அந்தத் தூளுக்கு அந்த முறை பொருத்தமானது. ஆனால் குன்னூருக்கோ மூணாறுக்கோ போய்வந்த உறவினர் ஒரு பொட்டலம் இலைத் தேயிலை கொடுத்தால், அதையும் நாம் அதே மாதிரி அடுப்பில் ஏற்றிக் கொதிக்க விடுகிறோம். கசக்கிறது. கசப்புக்குப் பயந்து மறுநாள் அரை நிமிடத்தில் வடித்தால், சாயம் மட்டும் இருக்கிறது, சுவையைக் காணோம். "இலை டீயில என்ன அண்ணாச்சி இருக்கு, ஒரு கடுப்பே இல்லையே" என்று பொட்டலம் அலமாரி மூலைக்குப் போய்விடுகிறது.

இலையில் குறை கிடையாது. அதை எவ்வளவு போடுவது, எவ்வளவு நேரம் ஊற விடுவது என்ற இரண்டையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். டீ கடுப்பாக வேண்டுமென்றால் இலையைக் கூட்ட வேண்டும். நேரத்தைக் கூட்டினால் கடுப்போடு கசப்பும் துவர்ப்பும் சேர்ந்து வரும். இந்த ஒரு விஷயம் கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

நமக்குத் தேயிலை ஒன்றும் அந்நியச் சரக்கு இல்லை. சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் பம்பாய் பர்மா கம்பெனிக்குக் குத்தகைக்குக் கொடுத்த காட்டில்தான் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எஸ்டேட்டுகள் எழுந்தன. தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்த குடும்பங்களின் உழைப்பு அது. 2024-இல் அங்கே வேலை நின்றுபோனது. இப்போது நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் இலைத் தேயிலை பெரும்பாலும் நீலகிரியிலிருந்தும் மூணாறிலிருந்தும் வருவது. எந்த மலையிலிருந்து வந்தாலும் சரி, அத்தனை பேர் கையால் பறித்து, வாட்டி, உருட்டி, உலர்த்தி வந்த இலையைக் கொதிக்கவைத்துப் பாழாக்குவதில் எனக்குச் சம்மதமில்லை.

பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தாளில் போடுங்கள். சின்னச் சின்னக் குருணையாக உருண்டு ஓடினால் அது சி.டி.சி. தேயிலை. பற்கள் உள்ள உருளைகளுக்கு இடையே இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் இந்த முறை 1930-களில் அசாமில் பிறந்தது. இந்தியாவில் தயாராகும் தேயிலையில் பெரும்பகுதி இன்று இப்படித்தான் வருகிறது. இதன் சாறு சட்டென்று இறங்கிவிடும், பாலுக்கும் ஈடுகொடுக்கும்.

கறுத்து முறுக்கிய இழைகளாகத் தெரிந்தால் அது 'ஆர்த்தடாக்ஸ்' என்று பொட்டலத்தில் போட்டிருக்கும் இலை. இதிலும் இரண்டு உண்டு. நீள இழையாக இருப்பது முழு இலை; 'ஓ.பி.' என்று குறித்திருப்பார்கள். உடைந்து சிறியதாக இருப்பது 'பி.ஓ.பி.' உடைந்த இலையில் தண்ணீர் படும் பரப்பு அதிகம் என்பதால் சீக்கிரம் சாறு விடும். முழு இலை முதலில் விரிய வேண்டும், அப்புறம்தான் கொடுக்கும். ஒரே தோட்டத்து இலையாக இருந்தாலும் உடைந்ததற்கு 3 நிமிடம், முழுசுக்கு 4 அல்லது 5 நிமிடம் என்று நேரம் மாறுவது இதனால்தான்.

தண்ணீர்

பாபநாசத்தில் மலையை விட்டு இறங்கிவரும் தாமிரபரணித் தண்ணீர் தேயிலைக்கு மிக நல்லது. உப்பு குறைவு, மென்மையானது. குழாயில் ஆற்றுத் தண்ணீர் வரும் வீடுகளுக்குக் கவலையே இல்லை. குளோரின் வாடை தூக்கலாக இருந்தால் மட்டும் ஒரு பானையில் பிடித்து இரவு முழுக்கத் திறந்து வையுங்கள்.

ராதாபுரம், திசையன்விளை பக்கம் போர் தண்ணீரில் டீ போடுகிறவர்களுக்குத்தான் சிக்கல். டீ கறுத்து மங்கலாக இருக்கும், மேலே மினுமினுப்பாக ஓர் ஆடை படியும். தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து தேயிலைச் சத்துகளோடு சேர்ந்து மேற்பரப்பில் படிவதுதான் அது. கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் வாசனை அடங்கிப்போகும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. முந்தின நாளே தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆற விடுங்கள். சுண்ணாம்பில் ஒரு பகுதி வெள்ளையாக அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் அசங்காமல் இறுத்து, டீக்கு அதை மறுபடி கொதிக்கவையுங்கள். ஒரு தடவை கொதித்த தண்ணீரை டீக்குத் திரும்பக் கொதிக்கவைக்கக் கூடாது என்று சிலர் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம். உப்புத் தண்ணீர் ஊரில் அப்படிச் செய்வதே நல்லது.

கேன் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் மறுகோடி. உப்பே இல்லாத தண்ணீரில் டீ வெறிச்சென்று இருக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் கால் பங்கு சாதாரணக் குடிதண்ணீரைக் கலந்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

தராசு இல்லாமல் அளவெடுப்பது

200 மில்லி தண்ணீருக்கு 2.5 கிராம் இலை. இதைத் தொடக்க அளவாக வைத்துக்கொள்ளுங்கள். தேயிலையை ருசி பார்த்து மதிப்பிடுவதற்கான சர்வதேசத் தர விதி, 100 மில்லிக்கு 2 கிராம் போட்டு 6 நிமிடம் ஊறவைக்கச் சொல்கிறது. அது இலையின் நல்லதையும் கெட்டதையும் வெளியே கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. வீட்டில் குடிப்பதற்கு அந்தக் கணக்கு ஆகாது.

கரண்டிக் கணக்கில்தான் பெரும்பாலான வீடுகளில் தப்பு நடக்கிறது. குருணைத் தேயிலை ஒரு தேக்கரண்டியில் இறுகி உட்காரும். முறுக்கிய முழு இலை அதே கரண்டியில் பாதி காற்றாக நிற்கும். தூளுக்குப் போடுகிற ஒரு கரண்டியையே இலைக்கும் போட்டால் டீ சப்பென்றுதான் இருக்கும். சமையலறைத் தராசு இருந்தால் நல்லது. இல்லாதவர்கள் இப்படிச் செய்யலாம்.

100 கிராம் பொட்டலம் ஒன்றை சுத்தமான ஈரமில்லாத தாம்பாளத்தில் முழுதாகக் கொட்டுங்கள். கண்ணளவில் இரண்டு சம குவியலாகப் பிரியுங்கள். ஒரு குவியலை மறுபடி இரண்டாக்குங்கள், அதில் ஒன்றை இன்னொரு முறை இரண்டாக்குங்கள். இப்போது கையில் இருப்பது எட்டில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 12.5 கிராம். ஒரு லிட்டர் தண்ணீருக்கான இலை இது, ஐந்து தம்ளர் டீ. இந்தக் குவியலை உங்கள் வீட்டுக் கரண்டியால் அள்ளி எத்தனை கரண்டி வருகிறது என்று எண்ணுங்கள். பத்துக் கரண்டி வந்தால் தம்ளருக்கு இரண்டு கரண்டி. அவ்வளவுதான். பொட்டலத்தின் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். வேறு இலை வாங்கும்போது மறுபடி எண்ண வேண்டும்.

தம்ளரையும் ஒரு தடவை அளந்துகொள்ளுங்கள். நம் வீடுகளில் எவர்சில்வர் தம்ளர் ஒன்று 120 மில்லி பிடிக்கும், இன்னொன்று 250 பிடிக்கும். கண்ணால் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது.

ஏனமும் கொதியும்

தனி டீப்பாத்திரம் எதுவும் வாங்க வேண்டாம். இறுக்கமான மூடி உள்ள எவர்சில்வர் ஏனம் போதும், பீங்கான் ஜாடி இருந்தால் இன்னும் நல்லது. இரும்பு மட்டும் வேண்டாம். தேயிலையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் மை மாதிரி கறுக்கும். இலையைச் சின்ன உருண்டை வடிகட்டிக்குள் அடைத்து முக்குவதும் வேண்டாம். முழு இலை நனைந்தால் பல மடங்கு விரியும், அதற்கு இடம் வேண்டும். தண்ணீரில் தாராளமாக மிதக்க விட்டு, கடைசியில் வடித்துக்கொள்வதே சரி. காப்பி பில்டரில் இலையைப் போட்டுச் சொட்டவிடும் வீடுகளும் உண்டு. தண்ணீர் மெதுவாகச் சொட்டும் நேரமெல்லாம் இலை ஊறிக்கொண்டே இருப்பதால் நேரத்தை நம் கையில் வைத்துக்கொள்ள முடியாது. காப்பி வாசனையும் விடாது.

கறுப்புத் தேயிலைக்குத் தண்ணீர் முழுக் கொதியில் இருக்க வேண்டும். அடியில் சின்னக் குமிழி கிளம்பும்போதே எடுத்து ஊற்றினால் வாசனை வரும், வாயில் நிறைவு வராது. டார்ஜிலிங்கில் ஆண்டின் முதல் கொழுந்தாகப் பறிக்கும் இலை மட்டும் விதிவிலக்கு. அதற்குக் கொதி அடங்கி ஒரு நிமிடம் கழித்து ஊற்றினால் போதும்.

ஊரின் உயரமும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை 1 டிகிரி குறையும். திருநெல்வேலி கடல்மட்டத்திலிருந்து 50 மீட்டர் அளவில் இருப்பதால் நம் அடுப்பில் தண்ணீர் 100 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். 2,200 மீட்டருக்கு மேலிருக்கும் ஊட்டியில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் குடித்தபோது மிருதுவாக இருந்த டீ இங்கே வந்து முரட்டுத்தனமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தோட்டத்துக் கடையில் "5 நிமிஷம் ஊறவைங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தால், நம் ஊரில் 4 நிமிடத்திலிருந்து தொடங்குங்கள்.

கொதிக்கும் தண்ணீரைக் குளிர்ந்த பாத்திரத்தில் ஊற்றினால் அந்த நொடியிலேயே பல டிகிரி போய்விடும். அதனால் முதலில் கொஞ்சம் வெந்நீரை விட்டுச் சுழற்றிக் கொட்டிவிட்டு, அப்புறம் இலை, அதன் மேல் கொதிதண்ணீர், உடனே மூடி. இந்த வரிசை மாறக்கூடாது. மூடியைப் போட்டபின் பாத்திரம் அடுப்பில் இருக்கக் கூடாது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தால் பாத்திரத்தை ஓரமாக நகர்த்தி, ஒரு துண்டைச் சுற்றி வையுங்கள்.

ஊறும் நேரத்தில் என்ன நடக்கிறது

முதல் நிமிடத்தில் நிறம் வந்துவிடும். இங்கேதான் கண் நம்மை ஏமாற்றுகிறது. உடைந்த இலையாக இருந்தால் அரை நிமிடத்திலேயே தண்ணீர் செம்பழுப்பாகும், 'ஆயிடுச்சு' என்று வடித்துவிடுகிறோம். நிறம் முதலில் வரும், சுவை பின்னால் வரும். ஆகவே கண்ணை நம்பாமல் போனில் மணி வையுங்கள்.

காபீன் வேகமாகக் கரையும். பெரும்பங்கு முதல் மூன்று நிமிடங்களுக்குள் இறங்கிவிடும். தூக்கம் போக வேண்டும் என்பதற்காக டீயைப் பத்து நிமிடம் ஊறப்போடுவதில் பெரிய லாபம் இல்லை. டீக்குப் பளிச்சென்ற சுறுசுறுப்பைக் கொடுப்பது தியாபிளேவின்கள். செம்பழுப்பு நிறத்தையும் வாயில் ஒரு நிறைவையும் கொடுப்பது தியாரூபிஜின்கள். பச்சை இலை கறுப்புத் தேயிலையாக மாறும்போது பிறந்தவை இவை. இரண்டாம் நிமிடத்திலிருந்து நான்காம் நிமிடம் வரை இவை நன்றாக இறங்கி, வாசனையோடு ஒத்துப்போகும் ஒரு கட்டம் வரும். நாம் பிடிக்க வேண்டியது அதைத்தான். அதற்கு மேலும் விட்டால் துவர்ப்புச் சத்துகள் இறங்கிக்கொண்டே இருக்கும், லேசான வாசனைகளோ ஆவியில் போய்விடும்.

கசப்பையும் துவர்ப்பையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். கசப்பு நாக்கில் தெரியும் சுவை. துவர்ப்பு என்பது நாவல்பழம் தின்றதும் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடிக்குமே, அது; எச்சிலிலுள்ள புரதத்தோடு தேயிலைச் சத்து ஒட்டிக்கொள்வதால் வருவது. கொஞ்சம் துவர்ப்பு இல்லாத டீ உயிரில்லாமல் இருக்கும். குடித்து முடித்தபின் வாய் வறண்டுபோனால் நேரம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

உங்கள் இலைக்கு உங்கள் நேரம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓர் அரை மணி நேரம் போதும்.

எட்டில் ஒரு பங்குக் குவியலை இன்னும் ஒரு முறை பாதியாக்கினால் 6 கிராம் சொச்சம். அதை அரை லிட்டர் கொதிதண்ணீரில் போட்டு மூடுங்கள். ஆறு சின்னக் கிண்ணங்களை வரிசையாக வையுங்கள், வெள்ளைப் பீங்கானாக இருந்தால் நல்லது. 2-ஆம் நிமிடம் மூடியை லேசாகத் திறந்து இரண்டு பெரிய கரண்டி டீயை வடிகட்டியின் வழியாக முதல் கிண்ணத்தில் விட்டு மூடிவிடுங்கள். 3, 4, 5, 6-ஆம் நிமிடங்களிலும் அதே போல. கடைசிக் கிண்ணத்துக்கு 8-ஆம் நிமிடம். எல்லாம் வெதுவெதுப்பாக ஆறும்வரை பொறுங்கள். சூட்டில் நாக்குக்குத் துவர்ப்பு சரியாகப் பிடிபடாது. சீனி போடாமல், முதல் கிண்ணத்திலிருந்து வரிசையாக ஒவ்வொரு வாய் குடியுங்கள்.

முதல் கிண்ணத்தில் வாசனை இருக்கும், நடுவில் வெறுமையாக இருக்கும். ஏதோ ஒரு கிண்ணத்தில் வாய் நிறையும். அதற்கடுத்த ஒன்றிரண்டில் நாக்கின் ஓரம் இழுக்கத் தொடங்கும். இழுக்கத் தொடங்குவதற்கு முந்தின கிண்ணம்தான் உங்கள் நேரம். 4-க்கும் 5-க்கும் நடுவில் தடுமாறினால் மறுநாள் நாலரையில் வடித்துப் பாருங்கள். வீட்டில் ஆச்சி, தாத்தா, பிள்ளைகள் என்று எல்லாரையும் குடிக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு ஆள் வேறு கிண்ணத்தைக் காட்டுவார்கள், அதில் தப்பில்லை. ஆனால் "மூணாவது நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் கடுப்பா வேணும்" என்று யாராவது சொன்னால், அவருக்கு மூன்றாம் கிண்ணத்தின் நேரத்தையே வைத்துக்கொண்டு இலையைக் கால் பங்கு கூட்டிக் கொடுங்கள். அடுத்த கிண்ணத்தை நீட்டாதீர்கள்.

தொடங்குவதற்கு ஒரு கணக்கு வேண்டுமென்றால்: குருணைத் தேயிலைக்கு 2 முதல் 3 நிமிடம், உடைந்த இலைக்கு 3 முதல் 4, முழு இலைக்கு 4 முதல் 5.

வடிப்பது

நேரம் ஆனதும் முழுவதையும் வடித்துவிட வேண்டும். இரண்டு தம்ளர் ஊற்றிவிட்டு மீதியை இலையோடு விட்டுவைத்தால், இரண்டாவது ரவுண்டு கேட்கிறவருக்குக் கசப்புதான் கிடைக்கும். ஊறும்போது ஒரே ஒரு தடவை மெதுவாகக் கலக்கினால் போதும். கரண்டியால் இலையை அழுத்திப் பிழிய வேண்டாம். தூசியும் அடியில் தங்கிய கெட்டிச் சாறும் இறங்கி டீ கலங்கும்.

முழு இலையாக இருந்தால் அதே இலையில் இன்னொரு தடவை போடலாம். முதல் தடவையைவிட ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் கூட்டுங்கள். உடனே போட்டுவிட வேண்டும். நம் ஊர் வெக்கையில் ஈர இலையைக் காலையிலிருந்து சாயங்காலம்வரை வைத்திருக்கக் கூடாது. குருணைக்கு இரண்டாம் தடவை கிடையாது.

பால், கருப்பட்டி, எலுமிச்சை

பாலிலுள்ள புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும். அதனால் பால் டீக்கு இலை அளவை ஒன்றரை மடங்காக்கி, முழு இலையானால் 5 நிமிடம் விடுங்கள். பாலைத் தனியாகக் காய்ச்சி, வடித்த டீயில் கடைசியாகக் கொஞ்சமாகச் சேருங்கள். லேசான நீலகிரி முழு இலையில் பால் விடாமல் குடித்துப் பார்க்கச் சொல்வேன். பால் டீதான் வேண்டுமென்றால் அசாம் உடைந்த இலை வாங்குவது நல்லது.

கருப்பட்டி போடுகிறவர்கள் அதைத் தனியாகத் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். பாலோடு சேர்த்துக் கொதிக்க விட்டால் திரிந்துபோகலாம், இறக்கியபின் சேர்ப்பதே பத்திரம். உடன்குடிக் கருப்பட்டியின் வாசனை பெரிது, அதற்கு முன்னால் மெல்லிய இலை நிற்காது. உடைந்த இலையைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் இரண்டும் ஒத்துப்போகும். ஒரு துண்டு சுக்கும் தட்டிப் போட்டால் குற்றாலச் சாரலில் நனைந்து வந்தவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

எலுமிச்சம்பழம் பிழிந்ததும் டீயின் நிறம் வெளுக்கும். புளிப்புக்கு நிறச்சத்து அப்படி மாறுவதுதான், டீ நீர்த்துப்போகவில்லை. பழத்துக்கு 3 நிமிட டீயே போதும். புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்தால் வாயைப் பிடித்துவிடும்.

சித்திரை வெயிலுக்கு, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் 10 கிராம் முழு இலையைப் போட்டு, மூடி, பிரிட்ஜில் 6 முதல் 8 மணி நேரம் வைத்து வடியுங்கள். குளிர்ந்த தண்ணீரில் துவர்ப்பு அதிகம் இறங்காது, இனிப்பாக இருக்கும். வெளியே வைத்து ஊறவைக்க வேண்டாம். சூடாகப் போட்ட டீ பிரிட்ஜில் பால் கலந்தது போலக் கலங்கினால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். காபீனும் துவர்ப்புச் சத்தும் குளிரில் ஒன்றோடொன்று சேர்வதால் வரும் கலங்கல் அது. கொஞ்சம் சூடான தண்ணீர் விட்டால் தெளிந்துவிடும்.

இலையை வைத்திருப்பது

எல்லாம் சரியாகச் செய்தும் வாசனை வரவில்லை என்றால் இலை பழசாகியிருக்கும், அல்லது ஈரம் வாங்கியிருக்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும், தென்காசிப் பக்கம் ஆனி ஆடிச் சாரலிலும் காற்றே ஈரமாக இருக்கும். இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில், அடுப்புக்கு எட்டத்தில் வையுங்கள். ஈரக் கரண்டி போடக் கூடாது. பெருங்காயம், மசாலா, கருவாடு இருக்கும் அலமாரி ஆகவே ஆகாது. தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். பெரிய பொட்டலம் வாங்கினால், ஒரு வாரத்துக்கானதை மட்டும் சின்ன டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டு மீதியைத் திறக்காமல் வையுங்கள்.

வேலைக்கு எடுத்துப் போகிறவர்கள் பிளாஸ்கை வெந்நீரால் அலசிவிட்டு, வடித்த டீயை வாய்வரை நிரப்புங்கள். பால் சேர்க்காமல் கொண்டுபோங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் குடித்துவிட்டால் ருசி இருக்கும். அதற்கு மேலாகும் என்றால், பிளாஸ்கில் கொதிதண்ணீரையும் ஒரு காகிதத்தில் அளந்த குருணைத் தேயிலையையும் தனித்தனியாக எடுத்துப் போய் அங்கேயே போட்டுக்கொள்வது நல்லது. பிளாஸ்கிலிருந்து வரும் தண்ணீருக்கு முழுக் கொதி இருக்காது என்பதால், அங்கே மட்டும் ஒரு நிமிடம் கூடுதலாக ஊற விடுங்கள்.